சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிண்டர்

அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரிண்டர். திரையில் வந்த பட்டியலில் இரண்டு இருந்தன.

சிஸ்டம் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பார்சல் அலுவலகத்தில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "சிஸ்டம், நெட் வரல," "சிஸ்டம், மவுஸ் செத்துப்போச்சு" என்று காலையிலிருந்து மாலைவரை ஏலம் போடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதிலும் ஓர் எழுத்து தப்பு. அவனுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கும், அவருக்கும் முன்னால் இருந்தவர்களுக்கும் அதே பெயர்தான். கடைசியாக இருந்தவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், பழைய ஃபேன், பழைய மேஜை என்பதுபோல "பழைய சிஸ்டம்" என்பார்கள். அப்படிப் பேச வேண்டி வருவதும் அபூர்வம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தவன், கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்து, லாரி நிறுத்தும் தகரக் கொட்டகைமேல் மழை சடசடவென்று விழ ஆரம்பித்திருந்தது. ஆட்கள் இருக்கும்போது கூச்சலும் டேப் கிழிக்கும் சத்தமுமாக இருக்கும் அந்த நீளமான கூடம் ஆளில்லாதபோது வேறு மாதிரி இருந்தது. அட்டைப்பெட்டிகளின் ஈரமான மாவு வாசனை, எங்கோ ஒரு ட்யூப்லைட்டின் விடாத ரீங்காரம், வரிசை வரிசையாக நின்ற பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த இருட்டு. கடைக்கோடியில் மேனேஜரின் கண்ணாடி அறை. அவன் நாற்காலிக்கு இடப்பக்கம், கூடத்தின் நீளத்துக்கும், ஒரு காலண்டர்கூட மாட்டாத வெள்ளைச் சுவர்.

பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று மாதக்கணக்காகக் கத்தி, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒருவழியாக மேனேஜரைச் சம்மதிக்க வைத்தவன் அவன்தான். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திங்கள் காலையில் லாரிகள் வாசலில் நிற்கும்போது பார்சல் லேபிள் அச்சாக வேண்டும். வந்தால் அவன் வேலை நிரந்தரம், ஆர்டர் கையில். வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அதைச் சொல்லும்போது அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

லேபிள் வரவில்லை.

மேஜைமேல் இருந்த பிரிண்டர் கிழடு. அதைச் செய்த கம்பெனிக்காரர்களே அதை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்வதை அதன் காதில் விழும்படி எடுத்துச் சொல்ல ஒரு பழைய டிரைவர் இருந்தது. மேம்படுத்தலில் அது பல்லைக் காட்டிவிட்டது. சோதனைப் பக்கம் அனுப்பினால் 'வடிகட்டி தோல்வி' என்று ஒரு வரி. டிரைவரை நீக்கி மறுபடி போட்டான். அதே வரி. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்ப எழுப்பினான். அதே வரி. பெயரளவில் நெருங்கிய வேறு மாடலின் டிரைவரைப் போட்டுப் பார்த்தான். பிரிண்டர் ஒருமுறை கனைத்து, ஒரு வெற்று லேபிளைத் துப்பிவிட்டுச் சும்மா இருந்தது.

அப்போதுதான் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

"பிரிண்டர் மட்டும் எடுக்கல. பார்த்துட்டிருக்கேன்."

பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "இந்த வேலையும் போச்சுன்னா நான் பாப்பாவத் தூக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். சும்மா போயிடுவேன். சொல்லிட்டேன்."

"நாளைக்கு ஆர்டர் வாங்கிட்டுத்தான் வருவேன்" என்றான் அவன்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஒவ்வொரு வேலையிலும் அவன் இதையேதான் சொல்லியிருந்தான்.

அதன்பிறகுதான் அந்த இரண்டாவது பிரிண்டரைக் கவனித்துப் பார்த்தான். அவன் சேர்த்தது இல்லை. புதிய பதிப்புக்கு அப்படியொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அக்கம்பக்கத்தில் கூப்பிடும் தூரத்தில் எந்தப் பிரிண்டர் இருந்தாலும் தானே தேடிப் பிடித்து, டிரைவர்கூடக் கேட்காமல், பட்டியலில் சேர்த்து வைத்துவிடும். கீழ்த்தளத்துக் கடைக்காரருடையதாக இருக்கும் என்று நினைத்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். 'இடம்' என்ற கட்டம் காலி. நிலை: தயார்.

சோதனைப் பக்கம் ஒன்றை அதற்கு அனுப்பியது வயிற்றெரிச்சலில்தான். நம்முடையது ஓடாவிட்டால் ஊரான் வீட்டுடையதாவது ஓடட்டும் என்ற எண்ணம். 'முடிந்தது' என்று திரை சொன்னது.

இடப்பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழித்துக்கொண்டது. முதலில் ஒரு மெல்லிய முனகல், வெகுநாள் ஓடாத உருளைகள் ஒன்றோடொன்று உரசித் திரும்பும் ஓசை, பிறகு காகிதத்தை உள்ளே இழுக்கும் அந்த நன்றாகத் தெரிந்த சரக், அதன்பின் சீராக இடமும் வலமும் போய்வரும் இரைச்சல். எல்லாம் அவன் தோள் உயரத்தில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். கடைசியாக ஒரு தாள் தட்டில் விழும் சத்தம். பிறகு மழை மட்டும்.

அந்தப் பக்கம் எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அலுவலகத்துக்கே தெரியும். ஒரு காலத்தில் இந்தக் கூடம் இரண்டு மடங்கு அகலமாம். வாடகையை மிச்சம் பிடிக்கப் பாதியைத் திருப்பிக் கொடுத்து, நடுவில் ஜிப்சம் பலகை அடித்து, வெள்ளை பூசி, சுவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுபாதிக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஒரு ஷட்டர் உண்டு. அதன் பூட்டு துருப்பிடித்து ஷட்டரோடு ஒட்டிப்போயிருந்ததை, சிகரெட் பிடிக்க அந்தப் படிக்குப் போகும் லாரி டிரைவர்களோடு நின்றபோது அவனே பார்த்திருக்கிறான்.

மின்சாரமே இருக்காதே அங்கே, என்று நினைத்தான். மறுபடி ஒரு பக்கம் அனுப்பினான்.

சுவர் முனகியது. சரக். இரைச்சல். தாள்.

இன்னொன்று அனுப்பினான். இந்தத் தடவை முனகல் வந்தது, சரக் வந்தது, பிறகு வெறுமே சுழலும் உருளையின் சத்தம். திரையில் நிலை மாறியது. 'காகிதம் இல்லை.'

இது அவனுக்குச் சற்றுத் தெம்பைக் கொடுத்தது. யாரோ எந்தக் காலத்திலோ மறந்து விட்டுப்போன பிரிண்டர், கடைசித் தாள்களும் தீர்ந்துவிட்டன, கதை முடிந்தது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். பாட்டிலைக் கீழே வைத்தபோது நிலை மறுபடி மாறியிருந்தது.

'தட்டு திறந்திருக்கிறது.'

சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, காகிதக் கட்டை மேஜைமேல் தட்டி ஓரம் சேர்க்கும் சத்தம். தட், தட். திருப்பிப் பிடித்து மறுபடி, தட். இந்த வேலையில் பழகிய கை அப்படித்தான் தட்டும். அவனும் அப்படித்தான் தட்டுவான்.

'தட்டு மூடப்பட்டது.'

'தயார்.'

தேங்கி நின்ற பக்கம் அந்தப் பக்கம் அச்சாகி விழுந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"லேபிள் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார். சார், நம்ம சுவருக்கு அந்தப் பக்கம் யாராச்சும் வாடகைக்கு வந்திருக்காங்களா?"

டிவி நின்றது.

"ஏன் கேக்கற?"

"லிஸ்ட்ல இன்னொரு பிரிண்டர் காட்டுது சார். அங்கதான் ஓடுது. சத்தம் கேக்குது."

"அதுக்கு எதையாவது அனுப்பிச்சியா?"

"சும்மா டெஸ்ட் பேஜ்தான் சார்."

"முன்னாடி இருந்தவன் அதுல ஒண்ணு போட்டு வெச்சிருந்தானே. அத எடுத்துட்டியா?"

திரை இருண்டுபோனால் கரண்ட் போய்விட்டது என்று கத்துகிற மனிதர் அவர். பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பவர். அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"எத சார்?"

"பேரு ஞாபகம் இல்ல. விடு. அந்தப் பிரிண்டர லிஸ்ட்லேர்ந்து தூக்கு. இனிமே அதுக்கு எதுவும் அனுப்பாத. நம்ம லேபிள் வந்தா போதும்."

"சார், உள்ள யாரோ இருக்காங்க. பேப்பர் போடறாங்க."

"யாரும் இல்ல."

"தட்டத் தொறந்து மூடினது எனக்கே..."

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல, தம்பி." அவர் அவனைத் தம்பி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "லேபிள மட்டும் வரவழைச்சிட்டு வீட்டுக்குப் போ. காலைல வந்ததும் மொத வேலையா உன் ஆர்டர்ல கையெழுத்து போடறேன்."

போனை வைத்தபிறகு, மேம்படுத்தலின்போது எதெல்லாம் நீக்கப்பட்டது என்ற பதிவைத் திறந்து மேலிருந்து கீழே படித்தான். மேம்படுத்தி முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டி, இவை இனித் தேவையில்லை, நீக்கிவிடவா என்று கேட்கும். இந்தத் தொழிலில் இருக்கும் எவனும் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. 'ஒய்' என்ற எழுத்தைத் தட்டிவிட்டுச் சோம்பல் முறிப்பான். இவனும் தட்டிவிட்டுச் சோம்பல் முறித்தவன்தான். இப்போது படித்தால், போனவற்றில் பாதி அந்தக் கிழட்டு டிரைவர் உயிர்வாழத் தேவைப்பட்ட பழைய காலத்து லைப்ரரிகள், அதாவது துணை நிரல்கள். ஒன்றே ஒன்று அவன் கேள்விப்படாத பெயர். பழைய சிஸ்டம் தன் கையால் எழுதிச் சேர்த்திருந்த ஒரு துண்டு நிரல். தானாகப் பிரிண்டர் தேடும் வேலையை அது அடக்கி வைத்திருந்திருக்கிறது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர், 'தேடாதே.'

பழைய சிஸ்டத்தை அவன் பார்த்ததில்லை. அவர் மனைவியைப் பார்த்திருக்கிறான். அவன் சேர்ந்த புதிதில் ஒருநாள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து கண்ணைக் காட்ட, இவன்தான் போய், "அவர் சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுப் போயிட்டாரும்மா" என்று சொன்னான். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "செருப்ப விட்டுட்டா போனாரு?" என்று மட்டும் கேட்டாள். இவன் மேஜைக்கு அடியில் கிடந்த செருப்பு ஜோடியை அங்கிருந்தே அவள் பார்த்துவிட்டிருந்தாள். இவன் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தான். ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் எல்லோரும் சேர்ந்து அந்த மனிதர் யாரோடு ஓடியிருப்பார் என்று பேசிச் சிரித்தார்கள். இவனும் சிரித்தான், புது இடம், சிரிக்காமல் எப்படி?

அதை நினைக்காமல் இருக்க வேலை உதவியது. நீக்கப்பட்ட லைப்ரரிகளை ஒவ்வொன்றாகத் தேடி இறக்கினான். ஒன்றைப் போட்டால் அது வேறொன்றைக் கேட்டது; வேறொன்று இன்னொன்றைக் கேட்டது. வெளியே மழை விட்டுவிட்டது. தகரத்திலிருந்து சொட்டும் ஓசை ஒன்றொன்றாகத் தேய்ந்து, கூடத்தில் ட்யூப்லைட்டின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. சுவர் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்ததில் இடது தோள் வலித்தது. அந்தப் பக்கத்துக் காது மட்டும் தன் போக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். சத்தம் ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு ஆள் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கும்போது காற்று கொஞ்சம் கனக்குமே, அந்தக் கனம் பலகையைத் தாண்டி வந்தது. கூடவே ஒரு வாசனையும். சூடான மையின் வாசனை, அதற்குக் கீழே, நனைந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்து மறந்துபோன வாசனை.

முதலில் அந்தப் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினான். போயிற்று. நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து நின்றது. நிலை: தயார். மறுபடி நீக்கினான். மறுபடி வந்தது. நிலை: தயார். நீக்க நீக்க வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது.

தானாகத் தேடும் சேவையையே நிறுத்தினான். இனி எழுந்திருக்க முடியாதபடி முடக்கினான். பிறகு நீக்கினான்.

பட்டியலில் ஒன்றே ஒன்று. அவர்களுடைய கிழட்டுப் பிரிண்டர் மட்டும். கண்ணை இமைக்காமல் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றாகவே இருந்தது.

சோதனை லேபிளை அனுப்பினான். பிரிண்டர் கனைத்தது, இருமியது, பிறகு கறுப்புக் கோடுகளும் முகவரியுமாக, ஒரு குறையும் இல்லாமல், ஒரு லேபிளை நீட்டியது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவியைக் கூப்பிடலாமா என்று நினைத்து, வேண்டாம், நேரில் போய்ச் சொல்லலாம் என்று விட்டான். திங்கட்கிழமைக்கான லேபிள் மொத்தத்தையும் அனுப்பினான். கிழட்டுப் பிரிண்டர் தடதடவென்று ஓட, சுருள் சுருளாக லேபிள் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியது. அந்தத் தடதடப்பு அவனுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஓடி முடிந்து அது நின்றபோது, நிற்காத ஒரு சத்தம் பாக்கி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் எதுவும் அனுப்பவில்லை. இங்கிருந்து போகும் வழியே அடைபட்டாயிற்று. இருந்தும் முனகல், சரக், இரைச்சல், தாள். முனகல், சரக், இரைச்சல், தாள். நடுவே தட்டு திறக்கும் சத்தம். காகிதக் கட்டைத் தட்டி ஓரம் சேர்க்கும் சத்தம். தட், தட், தட்.

அது நின்றது.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். அரைநாள் லீவு கேட்க வந்தவன் மேனேஜர் அறை வாசலில் நின்று செருமுவதுபோல, அடக்கமாக, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல.

"யாரு?" என்றான் சிஸ்டம்.

சுவரின் அடியில், பலகை தரையைத் தொடுகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. வேலையை அரைகுறையாக முடித்துவிட்டுப் போன தச்சர்களின் புண்ணியம். அதன் வழியாக ஒரு தாள் வெளியே வந்தது. கொஞ்சம் வந்து நின்றது. யாரோ பின்னாலிருந்து தள்ள, இன்னும் கொஞ்சம் வந்தது. அவன் அனுப்பிய சோதனைப் பக்கம்தான். வண்ணக் கட்டங்கள், கோடுகள். பழுப்பேறிய தாள். ஓரத்தில் பிடித்திருந்த இடம் ஈரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஊறியிருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

சற்றுத் தள்ளி, வேறொரு கை தள்ள, இன்னொன்று.

எதிலும் ஓர் எழுத்து எழுதியிருக்கவில்லை. அதே சோதனைப் பக்கம். வந்துகொண்டே இருந்தது. இங்கே இருக்கிறோம் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை போல. அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

ஜிப்சம் பலகை. ஓங்கி உதைத்தால் கால் அந்தப் பக்கம் போய்விடும். பேக்கிங் மேஜைமேல் மரப்பெட்டி உடைக்கும் சுத்தியல் கிடந்தது; இரண்டே அடி போதும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. சுத்தியலைக் கையில் எடுக்கவும் எடுத்தான். எடுத்ததும் காலையில் மேனேஜர் வந்து ஓட்டையைப் பார்ப்பது தெரிந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவது தெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சண்டை போடாமல், மனைவி தெருமுனை திரும்புவது தெரிந்தது.

அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மேனேஜர்மேல் இல்லை. உள்ளே இருப்பவர்கள்மேல். இத்தனை நாள் சும்மா கிடந்தவர்கள்தானே, இன்னும் ஒரே ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டு கிடந்தால் என்ன? என் பிழைப்பில்தானா மண்ணைப் போட வேண்டும்?

"போங்கய்யா" என்றான். "எனக்குக் குடும்பம் இருக்கு. போயிடுங்க."

அந்தப் பக்கம் அசைவு நின்றது. கேட்டுக்கொண்டார்கள். பிறகு, மெதுவாக, தாள் வந்த இடைவெளியில் விரல்நுனிகள் வந்தன.

வெளுத்து, தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிய நுனிகள். நகங்களில் கறுப்பு மை. தரையைத் தடவின. எதையோ தேடின. அவன் கால் இருக்கும் பக்கம் திரும்பின.

சுத்தியலைப் போட்டுவிட்டான். பேக்கிங் டேப் உருளையைப் பிடுங்கி எடுத்தான். அகலமான பழுப்பு டேப். முழங்காலில் விழுந்தான். உருளையின் விளிம்பால் அந்த விரல்களை உள்ளே தள்ளினான். சில்லென்று இருந்தன. எதிர்க்கவில்லை. தள்ளத் தள்ளப் போயின. டேப்பை இழுத்தான். ஒட்டினான். கிழித்தான். பல்லால் கடித்துக் கிழித்தான். ஒட்டினான். மேலே ஓர் அடுக்கு. அதன்மேல் இன்னோர் அடுக்கு. தவழ்ந்துகொண்டே போனான். பெட்டிகளைத் தோளால் இடித்துத் தள்ளினான். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. உருளை தீர்ந்தது. இன்னொன்றை எடுத்தான்.

முடித்துத் தவழ்ந்தே மேஜைக்குத் திரும்பியபோது மூச்சு இரைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவர் அமைதியாக இருந்தது.

மேஜைமேல் போன் அடித்தது. மனைவிக்கு வைத்திருந்த மணி. எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

டேப் அவன் உள்ளங்கைக்கு அடியில் உப்பியது.

ஓர் இடத்தில். மெல்ல, ஒரு விரல் அளவுக்கு. அதை அழுத்தினான். பக்கத்தில் ஒன்று. அதையும் அழுத்தினான். இரண்டு கையாலும் அழுத்தினான். பத்து விரலையும் விரித்து அழுத்தினான். பத்து விரலுக்கும் எதிரே, டேப்புக்கு அந்தப் பக்கம், ஒவ்வொன்றாகப் பத்து விரல்கள் வந்து ஒட்டிக்கொண்டன. குளிர்ந்த விரல்கள். இப்போது தள்ளவில்லை. தொட்டுக்கொண்டு இருந்தன.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் டேப் பிய்ந்துவிடும்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றான். "யார்கிட்டயாவது சொல்றேன். சத்தியமா."

பொய். அவனுக்கே தெரிந்தது. அந்தப் பக்கத்துக்கும் தெரிந்தது.

அவன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். இடப்பக்கம், ட்யூப்லைட் வெளிச்சம் எட்டும்வரை, டேப் உப்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம், மேனேஜர் அறைவரை, உப்பிக்கொண்டிருந்தது. ஐந்தைந்தாக. ஐந்தைந்தாக. சுவரின் நீளம் முழுவதும், எத்தனையோ கைகள், தரையோடு தரையாக, பொறுமையாக, ஒட்டின டேப்பை உள்ளிருந்து உரித்துக்கொண்டிருந்தன.